கேட்காத கேள்விக்கு நீ சொன்ன பதில்

இன்று காலை பிரசவப் பிரிவில் டாக்டர்கள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். சைக்ளோஸ்டைல் மை சரியாகக் காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்ட அந்த வாசனை, மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போதுகூடப் போகவில்லை. புதிய சட்டம் வருகிறதாம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் டாக்டர் அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், நோயாளியின் ரகசியம் என்று மழுப்ப முடியாது. வயிற்றில் இருக்கும்போதே குடியாலோ மாத்திரையாலோ பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளையும் இதில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு படிவமும் தயாரித்திருக்கிறார்கள். தாய் உட்கொண்டது என்ன, எத்தனை மாதம், எவ்வளவு என்று வரிசையாகக் கட்டங்கள். கொடுத்தது யார் என்று கேட்க மட்டும் கட்டம் இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. நீ இருக்கும்போது பேச வேண்டியதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், என் வீரத்தைப் பார்.

இந்த ஊரின் ஒரு கோடியில், கார்ட்டியர்வில்லில், அந்தப் பழைய கட்டடத்தில் நீங்கள் மேல் மாடி, நான் கீழ் மாடி. உனக்கு அது முதல் குளிர்காலம், வயிற்றில் ஆறு மாதம். உன் வீட்டுக்காரர் இருட்டில் மறுகோடியில் இருக்கும் புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குக் கிளம்பி இருட்டில் திரும்புவார். பகல் முழுக்க நீ ஜன்னல் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாய். அப்போது இந்த ஊரில் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தலைவலி, வயிற்றுவலி என்று ஒருவரும் வெளி டாக்டரிடம் போகமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட என் வீட்டுக்கு வருவார்கள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன மாத்திரைகள் என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். பயிற்சி டாக்டர்தான் நான், ஆனால் அந்த டின்னைத் திறக்கும்போது எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"தூக்கமே வரமாட்டேங்குதுடி, பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு," என்றாய். தூக்க மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாய். "டாக்டர் நீயா, நானா?" என்றேன். நீ சிரித்துவிட்டாய். முதலில் தினம் ஒன்று, பிறகு இரண்டு, பிரசவம்வரை. தீர்ந்துபோனால் நானே மேலே வந்து கொடுத்தேன்.

உனக்குப் பிரசவமாவதற்கு இரண்டு வாரம் முன்பு, துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரி குடித்துவிட்டு வந்து பெற்றாள். குழந்தை சின்னதாக, நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்தத் தாயிடம் குழந்தையை விடக்கூடாது என்று முத்து முத்தான கையெழுத்தில் அறிக்கை எழுதியது நான். அரசாங்க ஆட்கள் வந்து குழந்தையை எடுத்துப் போனார்கள். குழந்தைத் துணி இருந்த பையோடு அவள் லிஃப்ட் அருகில் நின்று என்னிடம் கேட்டாள்: "எனக்கு உதவி செய்ய ஒருத்தரும் வரலை. எடுத்துட்டுப் போக மட்டும் எத்தனை பேர்!" குடிகாரிக்கு வாயைப் பார் என்று நினைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

உன் மகளுக்கு இரண்டாம் நாளே கைகால் நடுங்க ஆரம்பித்தது. அந்தக் கீச்சென்ற அழுகையைக் கேட்டதுமே என் மாத்திரையின் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய டாக்டர் உன் கட்டிலருகே நின்று என்னைப் பார்த்தார். அவர் பேசும் வேகத்துக்கு உன் இங்கிலீஷ் ஈடுகொடுக்காது. "ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்று உங்கள் மொழியில் கேளுங்கள்," என்றார்.

நான் உன்னிடம் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "தையல் போட்ட இடம் ரொம்ப வலிக்குதா?"

"இல்லடி," என்று தலையாட்டினாய்.

ஒன்றும் சாப்பிடவில்லையாம் என்று அவரிடம் சொன்னேன். நீ தலையாட்டியதை அவரும் பார்த்தார், நம்பினார். கால்சியம் குறைவாக இருக்கலாம் என்று எழுதி, சொட்டு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். உன் குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். விசாரித்தால் என் பெயர் வரும். பயிற்சி முடிய எனக்கு நாலு மாதம் பாக்கி இருந்தது.

ஒன்பதாம் நாள் வலிப்பு. நீலம் பாய்ந்த குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பனியில் ஓடிவந்தீர்கள். மற்றவர்கள் காய்ச்சலா, தொற்றா என்று தேடிக்கொண்டிருந்தபோது நான் சரியான ஊசியைப் போட்டேன். தெரிந்தவளுக்குத் தேடுவானேன்? பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நீ என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். "நீ இல்லேன்னா என் குழந்தை இல்லடி."

பிழைத்தாள். ஆனால் நடை தாமதம், பேச்சு நாலைந்து வார்த்தை, வலிப்பும் விடவில்லை. நீ காரணம் தேட ஆரம்பித்தாய். ஐந்தாம் மாதத்தில் படியில் வழுக்கியதைச் சொன்னாய். பிறகு, டின்னில் அடைத்த அன்னாசிப்பழத்தை ஆசைப்பட்டுச் சாப்பிட்டதைப் பிடித்துக்கொண்டாய். "அதுதான்டி. அம்மா அவ்வளவு சொல்லி அனுப்பியும் நாக்கை அடக்கலை பாரு நான்." ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டாய், அதுதானே காரணம் என்று. "இருக்கலாம்," என்றேன். டாக்டர் சொன்னால் நீ நம்புவாய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பிறந்தநாள் தவறாமல் அவளை அழைத்துவந்து என் காலில் விழச் சொல்வாய். போன மாதம் எட்டாவது பிறந்தநாள். உன் வீட்டுக்காரர் அழைத்துவந்தார். "அம்மா சொன்ன மாதிரி ஆண்ட்டிக்கு நமஸ்காரம் பண்ணும்மா," என்றார். விழுந்தவளை என்னால் ஆசீர்வதிக்க முடியவில்லை. தூக்கி டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. மகளின் கம்பளித் தொப்பியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "கடைசி வாரத்துலகூட அந்த அன்னாசிப்பழத்தைத்தாங்க சொல்லிட்டிருந்தா," என்றார். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்ட சொல்லியிருக்கலாமே." மகளுக்கு பூட்ஸ் மாட்டி அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை, வரமாட்டார்.

எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான், இருக்கலாம் என்று நான் சொன்னது. அதைக் கேட்டு நீ தலைகுனிந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னாசிப்பழமும் இல்லை, படியும் இல்லை. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஏழு வருஷம் இருந்தது.