வெங்காயம் வாங்கப் போனவள்

ஹல்,
புதன்கிழமை

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரியானால் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தூங்குகிறாய் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்பாமல் வேறென்ன செய்ய, ஒரு சமுத்திரம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறாய். இங்கே நான் சௌக்கியம். உங்கப்பாவும் சௌக்கியம், முட்டிவலிதான் மழைக்கு முன்னாடியே வந்துவிட்டு மழை நின்ற பிறகும் போகமாட்டேன் என்கிறது. ப்ரெண்டா சித்திக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியா முடிந்தது, கைத்தடியை வைத்துக்கொண்டு நர்ஸுகளை அதட்டுகிறாளாம், அதனால் அவளைப் பற்றிக் கவலை வேண்டாம், நர்ஸுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

போன வாரம் போனில் அழுதுகொண்டே நீ சொன்னதெல்லாம் எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கப்பா புத்தகத்தை வைத்து நீ எடுத்த படத்தை லண்டனில் சோதனைக்காக ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டியதும், அதில் உங்கப்பாவின் வாசகர் சங்கத்து ஆட்கள் புகுந்ததும், வெளியே வந்து குய்யோ முறையோ என்று ஊரைக் கூட்டியதும், தயாரிப்பாளர்கள் பயந்துபோய் அந்தக் கண்டக்டர் மனைவி வரும் காட்சியை வெட்டிவிடு, பழைய வெங்காய வசனத்தையே வை, வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல் என்று உன் கழுத்தில் கத்தியை வைத்ததும். போதாததற்கு உங்கப்பா சங்கத்தின் மனுவில் கையெழுத்தும் போட்டுவிட்டார், படத்தைப் பார்க்காமலேயே. அம்மா நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், ஒன்றும் நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன். இதைச் செல்போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியில் சித்தியிடம் கொடுப்பேன், தாளும் பின்னாலேயே தபாலில் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெட்டாதே. ஒரு துண்டுகூட வெட்டாதே.

உங்கப்பா கதையை உனக்கே நான் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் எனக்கு அது எப்படித் தெரிகிறது என்று நீ கேட்டுக்கொள். அண்டவெளியில் ஒரு தொலைந்த பொருள் அலுவலகம், கேட்பாரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று பூமியைத் தூக்கிப் பெட்டியில் கட்டிவிடுகிறது. தப்பித்தது ஒரு மாடி பஸ்ஸும் அதன் கண்டக்டரும் ஏழெட்டுப் பயணிகளும். பொருள் உன்னுடையது என்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அடையாளம் சொல், எடுத்துக்கொண்டு போ என்கிறான் அங்கிருக்கிற அதிகாரி. கண்டக்டர் மலையைச் சொல்கிறான், கடலைச் சொல்கிறான், எல்லாக் கிரகத்திலும் அதுதானே இருக்கு, வேற சொல்லுய்யா என்று அதிகாரி கொட்டாவி விடுகிறான். கடைசியில் பூமி ஏலத்துக்குப் போய், எவனோ வாங்கிக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்கிறான். கண்டக்டரின் பெண்டாட்டி கதையில் வருவது முதல் பக்கத்தில் இரண்டே வரி. அவன் மனைவி வெங்காயம் வாங்கப் போயிருந்தாள், உலகத்தை மூட்டை கட்டிய விஷயத்தை அவளிடம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவ்வளவுதான். உங்கப்பா கிறுக்கலைப் பார்த்து அதை டைப் அடித்தவள் நான், அடிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல வரிதான். ஆனால் அந்த வரியைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நாற்பது வருஷமாக ஜனங்கள் என் வீட்டு வாசலில் நின்று போட்டோ கேட்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நீ அனுப்பிய படத்தை இரண்டு தடவை பார்த்தேன். பெற்றவள் என்பதற்காகப் புகழமாட்டேன். உங்கப்பா எழுத்தில் நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு நம் காதோடு சொல்வாரே, அந்தக் குசும்பு படத்தில் இல்லை, அதைக் கேமராவில் பிடிக்கவும் முடியாது. புத்தகத்தில் அந்த அதிகாரி வெறும் வாடைதான், ஈரக் கம்பளி வாடை, அரைப் பக்கம் படித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், நீ அவனுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து மூன்று மூக்கு வைத்திருக்கிறாய், எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது, நம்ம ஊரில் எந்த பஸ்ஸை நீ அப்படிப் பார்த்தாய் கண்ணே. கடைசியில் எதற்கு அத்தனை வெடி என்றும் புரியவில்லை, காது அடைத்துவிட்டது. ஆனால் பஸ் மேலே கிளம்பும்போது அந்தப் பெண் பையும் கையுமாக ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தொத்தி ஏறினாளே, அங்கே நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், சத்தியமாக. அப்புறம் அதிகாரி அடையாளம் கேட்கிறான், ஆம்பளைகள் எல்லாம் முழிக்கிறார்கள், அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சமையலறையில் இடதுபக்கம் இரண்டாவது டிராயர் என்று ஆரம்பிக்கிறாள். ரப்பர் பேண்டு, செத்துப்போன பேட்டரி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, பக்கத்து வீட்டில் வாங்கித் திருப்பிக் கொடுக்காத கேக் தட்டு, பல் முளைக்கிற குழந்தை ராத்திரியில் அழுகிற அழுகை, மாமியார் எந்தக் காதில் கேட்கும் எந்தக் காதில் கேட்காது. அவள் பட்டியல் இன்னும் தெருக்கோடியைக்கூட எட்டவில்லை, அதற்குள் அவன் ஐயோ தாயே போதும், எடுத்துட்டுப் போ என்று முத்திரை குத்துகிறான். முடிவை அமெரிக்கா கெடுத்துவிட்டது, உலகம் பிழைக்கவே கூடாது என்று சங்கத்துக்காரர்கள் குதிக்கிறார்கள். அமெரிக்காவாவது ஆட்டுக்குட்டியாவது, அந்த டிராயர் எந்த வீட்டு டிராயர் என்று எனக்குத் தெரியாதா.

போன சனிக்கிழமை ஸ்கார்பரோவில் சங்கத்தின் வருஷக் கூட்டம் நடந்தது, அதே கடற்கரை ஹோட்டல், அதே உப்புக் காற்று. வழக்கம் உனக்குத் தெரியும், என்னை மேடையில் ஏற்றுவார்கள், செயலாளர் மால்கம் ஒரு பை வெங்காயத்தைக் கையில் கொடுப்பான், கூடம் முழுக்க அந்த வரியைச் சேர்ந்து ஒப்பிக்கும், நான் பாவாடையைப் பிடித்துக் குனிந்து வணக்கம் சொல்லி வாங்கிக்கொள்வேன், வீட்டுக்கு வந்து சூப் வைப்பேன். இந்தத் தடவை மேடைக்குப் பின்னால் வைத்தே மால்கம் குழைந்தான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம், ஹெஸ்டர் கேட்டுக்குவா, சாரோட புத்தகத்தைக் காப்பாத்துங்க என்று. தலையை ஆட்டிவிட்டு மேடையேறினேன். பையை நீட்டினான், எல்லாரும் ஒப்பித்தார்கள், நான் கையை நீட்டவில்லை. மைக்கைப் பிடித்து, இந்த வரியை டைப் அடிச்சவ நான், உங்களுக்கெல்லாம் முன்னாடி சிரிச்சவளும் நான், இத்தனை வருஷம் சிரிச்சது போதும், என் பொண்ணு படத்துல அந்தப் பொம்பள பஸ்ஸுல ஏறிட்டா, இனி இறங்கமாட்டா என்றேன். சங்கத்துப் பனியன் போட்ட ஒருத்தன் எழுந்து புத்தகம்தான் புத்தகம் என்று கத்தினான். உன் புத்தகத்தை யாருடா தூக்கிட்டுப் போனா, உங்க வீட்டு அலமாரியிலதானே இருக்கு, போய்ப் படி என்றேன் நானும். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் தனியாகக் கைதட்டினாள். மால்கம் பையைப் பிடித்தபடி நின்றான், பாவம்தான், ஆனாலும் நான் வாங்கவில்லை. முன்வரிசையில் உங்கப்பா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கார் ஹல் வந்து சேர்ந்ததும் அவர் எனக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார். அன்றைக்கு மாடி அறையில் போய்ப் படுத்துக்கொண்டார், மறுநாள் டீயைக்கூடத் தானே போட்டுக்கொண்டார், கேவலமான டீ. நானும் கெஞ்சவில்லை. இன்றைக்கு மத்தியானம் நீ அனுப்பிய படத்தை ஹாலில் ஓடவிட்டு, பார்க்காம கையெழுத்துப் போடத் தெரியுதில்ல, பார்த்துட்டு ஒருதரம் கோவப்படுங்க என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படம் முடிந்து திரை கறுப்பாக இருந்தது, அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அந்த டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு. சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார். பொண்ணுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியுது என்று மட்டும் சொன்னார், அவர் வாயிலிருந்து அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உனக்கே தெரியும். ரொம்ப நேரம் கழித்து, அன்னைக்கு நீ நிஜமாவே என்ன வாங்கப் போயிருந்தே என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த முதல் பக்கத்தை எழுதினப்போ நீ வீட்டுல இல்ல, கடைக்குப் போயிருந்தே, வெங்காயம்னா கேக்க சிரிப்பா இருக்குமேன்னு நானா போட்டது, என்ன வாங்கப் போனேன்னு உன்னைக் கேட்டதே இல்லியே என்றார். ரிப்பன் வாங்கப் போயிருந்தேன், உங்க கதையை அடிக்க டைப்ரைட்டர்ல ரிப்பன் தீர்ந்துபோச்சு என்றேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா ஹெஸ்டர். டிராயரை மூடினார், போனை எடுத்து மால்கமைக் கூப்பிட்டு மனுவிலிருந்து என் பேரை அடிச்சிடு என்று சொன்னார், காரணம் கேட்ட அவனை வாயை மூடச் சொன்னார், கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் நடக்கப் போய்விட்டார். இன்னும் வரவில்லை, முட்டியும் ஞாபகமில்லை குடையும் ஞாபகமில்லை அந்த மனுஷனுக்கு.

நீ தைரியமாக இரு. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் உண்டு. முகம் கழுவி ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டு அந்தத் தயாரிப்பாளர்களைக் கூப்பிடு. குடும்பத்திலிருந்து ஒரு வார்த்தை வேண்டும் என்று அவர்கள் கேட்டதாகச் சொன்னாயே, இந்தக் கடிதத்தைக் காட்டு, மொத்தத்தையும் படிக்கட்டும். உங்கப்பா மனுவிலிருந்து பேரை எடுக்காமலே இருந்திருந்தாலும் நான் உனக்கு இதையேதான் எழுதியிருப்பேன், அதையும் அவர்களிடம் சொல். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா