‘கட்’ சொல்லாதவன்

மாப்ளே,

ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு முறை வந்தேன். உன் அம்மா நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

நம் இருவருக்கும் பிடித்த அந்த இயக்குநர் எந்தச் சண்டையையும் ஒரே ஷாட்டில் எடுப்பார். நம் குறும்படத்தையும் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று கேமரா நகரும் பாதையை நம் விடுதி அறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தோம். அடி எல்லாம் பொய்யடிதான் என்று உன்னிடம் சொன்னேன்.

உன்னை அடிக்க வேண்டிய சீனியரிடம் வேறு மாதிரி சொன்னேன். “நிஜமாவே ரெண்டு போடுங்கண்ணா. அவனுக்குத் தெரிய வேணாம். அப்பத்தான் மூஞ்சில பயம் வரும்.”

முதல் அடியில் உன் உதடு கிழிந்தது. இரண்டாவதில் தலை இரும்புக் கட்டிலில் மோதியது. “டேய், நிறுத்தச் சொல்லுடா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். அது வசனத்தில் இல்லை.

கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் எதுவும் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். தெரிந்தது, மாப்ளே. காதிலிருந்து ரத்தம் வடிந்ததும் தெரிந்தது. காட்சி அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னும் மூன்று முறை அடித்தார்.

வெறியில் அடித்துவிட்டதாகச் சீனியர் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கல்லூரியை விட்டே அவரை நீக்கப்போவதாகச் சொன்னார்கள். இன்று காலை முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, மெமரி கார்டையும் கொடுத்துவிட்டேன்.

நாளை வருகிறேன். முதலில் உன் அம்மாவிடம் சொல்வேன். அவர் அறைந்தால் வாங்கிக்கொள்வேன்.

இடது காது இனிக் கேட்காதாமே. நான் உன் வலது பக்கம் உட்காரலாமா?

உன் அறைத்தோழன்