மூடியதாகக் காட்டப்படும் 'குபிக் 1' கிணறு

அனுப்புநர்
திருமதி வெர்னா குபிக்,
பக்வீட் ஹாலோ சாலை,
பென்சில்வேனியா.

பெறுநர்
கிணறு ஆய்வாளர் அவர்கள்,
எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் பிரிவு.

பொருள்: தங்கள் இணைய வரைபடத்தில் மூடப்பட்டதாக உள்ள 'குபிக் 1' எரிவாயுக் கிணறு திறந்திருப்பது – பக்கத்து நிலத்தார் அஸ்திவாரம் தோண்டுமுன் வந்து அடைக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், கணவரை இழந்தவள். இந்தப் புகார் யார் மீது என்று கேட்டால், முதலில் என் மீதுதான்.

2. சென்ற ஆண்டு என் கீழ் வயலை டிலன் மெக்கார்ட், அவர் மனைவி கேய்லா ஆகியோருக்கு விற்றேன். வாங்குமுன் கேய்லா நிலத்தில் பழைய கிணறு உண்டா என்று விசாரித்தாள். என் சமையலறை மேசையில் கணினியை வைத்துத் தங்கள் வரைபடத்தை நானே திறந்து காட்டினேன். வேலியோரம் ஒரு சாம்பல் புள்ளி. மேலே எங்கள் குடும்பப் பெயர். "சாம்பல்னா மூடியாச்சுன்னுதானே அர்த்தம், மிசஸ் குபிக்?" என்று கேட்டாள். "அரசாங்கமே போட்டிருக்கே, அப்புறம் என்னம்மா பயம்?" என்றேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அடுப்பு எரிவது அதே கிணற்று வாயுவில்தான்.

3. கிணற்றை மூடிவிட்டதாக எழுதிக் கொடுத்தவர் என் மாமனார் ஜோசப் குபிக். உண்மையில் அவர் செய்தது, கிணற்றின் வாய்க்குள் வேலிக்கம்பங்களைத் திணித்து மண்ணைத் தள்ளியதும், பக்கவாட்டில் ஒரு குழாயை எங்கள் வீட்டுக்கு இழுத்ததும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு இது தெரியும். குளிர்காலத்தில் காசு கட்டாமல் வீடு கதகதப்பாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

4. இந்த வசந்தத்தில், அந்த வயலில் அவர்கள் இப்போதைக்குத் தங்கியிருக்கும் தற்காலிக வீட்டின் குழாய்த் தண்ணீர் நுரைத்துக்கொண்டு, சீறிக்கொண்டு வர ஆரம்பித்தது. மலைக்கு அப்பால் புதிதாகத் துளையிடும் கம்பெனிதான் காரணம் என்று டிலன் முடிவு கட்டிவிட்டான். "அவனுங்கள சும்மா விடமாட்டேன்" என்று ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கம்பெனி மீதான மனுவுக்குக் கையெழுத்து வாங்கினான். தண்ணீரில் கலப்பது எங்கள் கிணற்று வாயுதான் என்று தெரிந்தும் நானும் போட்டேன். ஊரில் பலருக்கும் தங்கள் வரைபடத்தைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவள் நான் என்பதால், "வெர்னா போட்டா விஷயம் உண்மையாத்தான் இருக்கும்" என்று எனக்குப் பின்னால் வரிசையாக நின்று போட்டார்கள்.

5. அதன் பிறகும் சொல்லாமல்தான் இருந்தேன். நேற்று அவர்கள் புது வீட்டுக்கு முளையடித்துக் கயிறு கட்டினார்கள். வரைபடத்தை நம்பி வேலியோரப் புள்ளியிலிருந்து தாராளமாகத் தள்ளியே கட்டியிருக்கிறார்கள். ஆனால் புள்ளி இருக்கும் இடம் வேறு, கிணறு இருக்கும் இடம் வேறு. கிணறு அந்தக் கயிற்றுக்குள் இருக்கிறது. கேய்லா கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தையின் அறை இது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று எனக்குக் காட்டினாள். "இங்கிருந்து கையாட்டினா உங்க சமையலறைக்குத் தெரியும், பாருங்க" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். வெட்கமாக இருக்கிறது ஐயா.

6. ஜூன் மாத வெயிலில் நான்கு பர்னரையும் எரியவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அடுப்பை அணைத்தால் அந்த வாயுவும் அவர்கள் பக்கம் ஏறுமோ என்று பயம். கிணற்று வாயுவுக்கு வாசனை கிடையாது. வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அணைப்பதா வேண்டாமா என்று தொலைபேசியிலாவது உடனே சொல்லுங்கள்.

7. திங்கட்கிழமை தோண்டும் இயந்திரம் வருகிறது. அதற்குள் தாங்கள் நேரில் வந்து கிணற்றை முறைப்படி அடைத்து, வரைபடத்தையும் திருத்த வேண்டுகிறேன். இடத்தை நானே காட்டுகிறேன். அபராதமோ வழக்கோ எதுவானாலும் என் மேல் போடுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

இடம்: பக்வீட் ஹாலோ
நாள்: ஜூன் 12, வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
வெர்னா குபிக்

நகல்: டிலன், கேய்லா மெக்கார்ட். தபாலில் அல்ல, இதைத் தங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியதும் நானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.