இருதயத்துக்கு ஒரு கத்தி, நுரையீரலுக்கு ஒரு கத்தி

என்னை இடுப்பில் சுமந்து மன்னவனூர் மேடெல்லாம் ஏறி இறங்கிய முத்தக்காவுக்கு,

கொடைக்கானல் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெட்ராஸிலிருந்து உன் மகள் பவுனு டிரங்கால் போடுவாள் என்று காலையிலிருந்து காத்துக் கிடக்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. குளிர் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியுமா? பயம், அக்கா. பூம்பாறை வளைவில் வழிமறித்த காட்டெருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்பிவிட்டவன் நான். நீ நம்பமாட்டாய்; ஊர் நம்புகிறது. அந்தக் கைதான் இது.

உன் வீட்டுக்காரரை இன்று வெள்ளனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மச்சானுக்கு இருதயத்து ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டன. அதைச் சோதிக்கப் போன இடத்தில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. புற்று. நெஞ்சை ஒரே தடவை திறந்து இரண்டு வேலையையும் முடிக்கப் போகிறார்கள். சீமையில் ராஜாவுக்குத்தான் இப்படிச் செய்வார்கள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். இருதயத்தை நிறுத்திவிட்டு, வெளியே ஒரு மெசின் ரத்தத்தை ஓட்டுமாம். அது லாரி அளவு இருக்கும் என்றும் சொன்னேன்.

ஏன் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். கொடைக்கானல் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “நுரையீரல்ல மட்டும் கை வச்சா ஹார்ட் தாங்காதுங்க. ஹார்ட்ட சரி பண்ணிட்டு ஆள் தேறட்டும்னு காத்திருந்தா, அந்தக் கட்டி காத்திருக்காது.”

புற்று என்ற சொல் மச்சான் காதில் விழக்கூடாது என்று நானும் பவுனும் முடிவு செய்தோம். அதனால் அவரிடம், “நம்ம மேல்மலைப் பனி நுரையீரல்ல உறைஞ்சு கெடக்காம் மச்சான். இருதயத்தச் சரி பண்ணுறப்பவே அதையும் வழிச்சு எடுத்துருவாங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நல்ல கதைதான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு அவரையும் டாக்டர் முன்னால் உட்கார வைத்தோம். மச்சான் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“உருளைக்கு வெதக்கெழங்கு வெட்டும்போது அழுகல் தட்டுப்பட்டா, அந்தக் கத்திய நல்ல கெழங்குல வைக்க மாட்டோங்க. வச்சா அதுவும் அழுகிப் போகும். என் வீட்டுக்காரி ரெண்டு கத்தி வச்சிருப்பா. அங்க எப்பிடிங்க, ஒரே கத்தியா?”

டாக்டர் சிரிக்கவில்லை.

“இல்லங்க. மொதல்ல ஹார்ட். அது முடிஞ்சு, நல்லா ஓடுதான்னு பாத்த பெறகுதான் நுரையீரல். கத்தி, துணி எல்லாம் வேற வேற.”

“அப்பச் சரிங்க. செய்யச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் மெல்லக் கேட்டேன். “பனிய வழிக்கிறதுக்கு எதுக்கு மச்சான் அழுகல் கெழங்குப் பேச்சு?”

“ஏலே மாப்ள, பனிய வழிக்க எவனாச்சும் மெட்ராஸ் வரைக்கும் போவானா? இருமுறவன் நான். எனக்குத் தெரியாதா உள்ள என்ன கெடக்குன்னு? பவுனுகிட்ட சொல்லாத. எனக்குத் தெரியலேன்னு நெனச்சுத்தான் அது சோறு திங்குது.”

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அக்கா? அவர் துண்டை வாங்கி உதறித் தோளில் போட்டுவிட்டேன்.

மெட்ராஸுக்கு நானும் துணி எடுத்து வைத்தேன். பஸ் ஏறும்போது மச்சான் என் பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். “நீ வந்தா டாக்டருக்கே வைத்தியம் சொல்லிக் குடுப்ப. இங்கயே கெட. நடவு சோலியப் பாரு.” பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் போன பிறகு வெகுநேரம் அந்தப் பையைத் தூக்கத் தோன்றவில்லை.

இரு, கூப்பிடுகிறார்கள்.

பேசிவிட்டு வந்தேன் அக்கா. பவுனுதான். இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

“மாமா, இருதயம் முடிஞ்சிருச்சாம். தானா துடிக்குதாம். இப்பத்தான் நுரையீரல்ல கை வச்சிருக்காங்க.”

“அழுகாத தாயி. அந்தப் பெரிய டாக்டரு எனக்கு நல்லாப் பழக்கம். நான் சொல்லித்தான் வச்சிருக்கேன்.”

“அப்பிடியா? அவரு பேரு என்ன மாமா?”

“லைன் சரியில்ல தாயி, கேக்கல” என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பியது. லைன் அறுந்துவிட்டது.

நெஞ்சு இன்னும் திறந்துதான் கிடக்கிறது, அக்கா. அவர் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறார், எங்கள் பக்கமா, நீ போய்ச் சேர்ந்த பக்கமா? உன் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டாரா? நீ ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்த மனுசன் செருப்பைக்கூடப் போடாமல் உன் பின்னால் வந்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

வாழ்ந்த காலமெல்லாம் அவர் பேரை நீ ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தானே முன்னால் தள்ளுவாய்? இன்றைக்கும் சொல்லிவிடாதே. பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்.

அவரைப் பத்திரமாக மலையேற்றிக் கொண்டுவருவது என் பொறுப்பு. இது நான் ஊருக்குச் சொல்கிற கதை இல்லை. உன் மேல் ஆணை.

அடுத்த மணி அடிக்கும்வரை, உனக்கும் சேர்த்து அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் தம்பி
வீரணன்