மொட்டைச் சேர்த்தால் ஆறு

நீஸ்னி தகீல்
நவம்பர் 27

அன்பு மகள் உல்யாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே நானும் உன் அப்பாவும் பனியைத் தள்ளிக்கிட்டும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம், அதே மாதிரி நீயும் மாப்பிள்ளை ரொதியோனும் உன் வயித்துல இருக்கிற உயிரும் அங்கே நஹோத்காவுல சுகமா இருக்கணும்னு தினமும் சாமி படத்துக்கு முன்னால நின்னு வேண்டிக்கிறேன். காலையில எதைச் சாப்பிட்டாலும் வாந்தி வருதுன்னு அப்பாவுக்கு மட்டும் செய்தி அனுப்பியிருக்கே, எனக்கு அனுப்பல, சரி அது போகட்டும். எழுந்திரிக்கிறதுக்கு முன்னாலயே காய்ஞ்ச ரொட்டி ரெண்டு துண்டு மென்னுட்டு அப்புறம் எழுந்திரு, வெறும் வயித்துல டீ குடிக்காதே. இங்கே முட்டைக்கோஸ் ரெண்டு வாளி ஊறப்போட்டாச்சு, தோட்டத்து வீட்டைப் பூட்டியாச்சு, எண்ணெய்ச் சாயத்தை விட்டதிலிருந்து என் இருமலும் முக்கால்வாசி போயிடுச்சு. போன்ல பேசினா நீயும் கத்துவே நானும் கத்துவேன், செப்டம்பர்ல பேசினதுதான் தெரியுமே, அதனால காகிதத்தை எடுத்தேன். எழுத உட்கார்ந்தா எங்கே ஆரம்பிக்கிறதுன்னே புரியல. மூணு மாசமா எனக்கு எதுவுமே புரியலடி.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் வந்தது. மேல உன் மாமியார் ஃபயீனாவோட கையெழுத்து. தூக்கிப் பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு, உன் கல்யாணத்துக்கு நான் வரைஞ்ச தட்டு. இருபத்தேழு வருஷம் இரும்புத் தட்டுல பூ வரையுற ஃபாக்டரியில வேலை பார்த்தவளுக்கு எடை தெரியாதா? திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அப்படியே பிரிக்காம அலமாரி மேல வெச்சுட்டேன். ரெண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பல. அப்பா பிரின்னார், நான் பிரிக்க மாட்டேன்னேன், அவர் அப்போ நான் பிரிக்கிறேன்னார், தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னேன். அந்த ரெண்டு நாளும் வீட்டுல சோறு சோறா இல்ல.

அந்தத் தட்டைப் பத்தி நீ என்ன நினைச்சுக்கிட்டு இருக்கியோ தெரியாது, நடந்ததை நடந்தபடி சொல்றேன். ஃபாக்டரியில எண்ணெய்ச் சாயத்துல வரையும்போது முதல்ல எல்லாப் பூவுக்கும் அடிச்சாயம் போட்டு வெச்சுடுவோம், எத்தனை பூ, எங்கே எதுன்னு அன்னிக்கே முடிவாயிடும். அது காயணும், மறுநாள்தான் நிழல், அப்புறம்தான் வெளிச்சம். டாக்டர் அந்த வாடையே ஆகாதுன்னு சொன்ன பிறகு தண்ணியில கரைக்கிற இந்த அக்ரிலிக் சாயத்துக்கு வந்தேன், இதுவோ பத்து நிமிஷம் பொறுக்காது. தூரிகையோட ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையும் எடுத்து ஒரே சுழி சுழிச்சா இதழ் விழணும், இது பாதி சுழியிலயே காய்ஞ்சு இழுக்குது. தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஒவ்வொரு பூவா ஆரம்பிச்சு, அதை முடிச்ச பிறகுதான் அடுத்ததுக்குப் போக முடிஞ்சது. அப்படி அஞ்சு ரோஜா முடிச்சேன், நல்லா வந்தது, அப்பாவே வாயைத் திறந்து நல்லாயிருக்குன்னார். இடது ஓரம் மட்டும் வெறிச்சுன்னு இருந்தது. எண்ணெயா இருந்திருந்தா அதுக்குள்ள தட்டு காய வைக்கிற சூளைக்குள்ள போயிருக்கும், கை வைக்க முடியாது. இது காய்ஞ்சு போய் மேசை மேல உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தது. கை சும்மா இருக்குமா? ஒரு மொட்டு போட்டேன். அஞ்சே நிமிஷ வேலை. அதோட வார்னிஷ் அடிச்சு அனுப்பிட்டேன்.

எண்ணலடி உல்யா. ரெண்டு, நாலு, ஆறுன்னு ரெட்டைப்படையில வந்தா இடுகாட்டுக்குக் கொண்டு போற பூன்னு எனக்குத் தெரியாதா? உன் தாத்தாவுக்கு வருஷா வருஷம் நாலு பூ வைக்கிறவ நான். பூங்கொத்து வாங்கினா கடையிலேயே மூணு தரம் எண்ணுவேன். ஆனா தட்டுல வரையுற பூவை எவ எண்ணுவா? ஃபாக்டரியில ஒருத்தியும் எண்ணினதில்ல.

அப்புறம் கல்யாணத்தன்னிக்கு எட்டு மணி நேரம் பறந்து வந்து நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் கார்ல இருந்து இறங்குறீங்க, உன் மாமியார் வாசல்ல ரொட்டியும் உப்பும் வெச்சு உங்களை வரவேற்கிறாங்க, அதுக்குன்னே நான் வரைஞ்ச தட்டு அவங்க கையில இல்ல. கடையில வாங்கின மரத்தட்டு, மேல ஒரு துண்டு. என் தட்டு எங்கேன்னு கேட்டதுக்கு உள்ளே பத்திரமா இருக்குன்னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு பாதி விருந்துலயே எழுந்து வந்துட்டேன், உனக்கு முத்தம்கூடக் குடுக்காம. நீ செப்டம்பர்ல போன்ல சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சது. "அம்மா, அதுல ஆறு பூ இருக்கும்மா, அதைக் கையில பிடிக்க அவங்களுக்குத் தைரியம் வரல"ன்னே. நான் மொட்டு பூவே இல்லைன்னேன். நீ போனை வெச்சுட்டே.

அன்னையிலிருந்து ஊரையே கேட்டுட்டேன். என்கூட ஃபாக்டரியில பக்கத்து மேசையில இருந்தாளே தமாரா, அவ சத்தியம் பண்றா, விரியாதது பூ கணக்குலயே வராது, நீ சொல்றதுதான் சரின்னு. பூக்கடைக்காரி அதெல்லாம் இல்ல, நாங்க காம்பைத்தான் எண்ணுவோம்ங்கிறா. சரின்னு நான் வரைஞ்சதை நினைச்சுப் பார்த்தா மொட்டும் பெரிய ரோஜாவும் ஒரே காம்பு, அப்போ அஞ்சு. சந்தோஷமா வீட்டுக்கு வந்தா அப்பா சொல்றார், அப்படிப் பார்த்தா அந்தப் பக்கம் ரெண்டு பூவுக்கு நீ காம்பே வரையலியே, அப்போ மூணான்னு. மூணும் ஒத்தைப்படைதானேன்னேன். அப்போ எதுக்கு இன்னும் அழுதுக்கிட்டு இருக்கேன்னு கேட்டார்.

வியாழக்கிழமை நானே பார்சலைப் பிரிச்சேன். தட்டைத் திருப்பினதும் எனக்குத் தலை சுத்திடுச்சு. என் தட்டு மேல யாரோ வரைஞ்சிருக்காங்க! வலது பக்கம் கீழே, வார்னிஷை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு, அதுக்கு மேல புதுசா ஒரு ரோஜா. ரோஜான்னு நான் சொன்னாத்தான் உண்டு. சாயம் தடிதடியா நிக்குது, வெள்ளை வெளி ஓரத்துல வரவேண்டியது உள் பக்கம் போயிருக்கு, ஒரு இதழ் ரெண்டு இதழ் அகலம். முட்டைக்கோஸ்தான். எனக்கு வந்த கோபம் இருக்கே. கல்யாண ரொட்டிக்கு அவங்க பிசைஞ்ச மாவுல நான் கை வெச்சேனா, அவங்க ஏன் என் பூவுல கை வைக்கணும், இது கேலியா, பழி வாங்குறதா, எனக்கு வரையத் தெரியலைன்னு சொல்லிக் காட்டுறாங்களான்னு கத்திக்கிட்டே வீட்டைச் சுத்தி வந்தேன்.

அப்போதான் உன் அப்பா சூப்புல இருந்து தலையைத் தூக்காம சொல்றார், ஃபயீனா கல்யாணத்துலயும் ஆறு பூதான்னு. என்னன்னு கேட்டா, உங்க கல்யாணத்தன்னிக்கு நான் எழுந்து போன பிறகு அவங்க இவர் பக்கத்துல வந்து உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. அவங்க கல்யாணத்துக்கு யாரோ குடுத்த கார்னேஷன் கொத்துல ஆறு இருந்ததாம், கொண்டாட்டத்துல ஒருத்தரும் எண்ணலையாம், ரெண்டாவது குளிர்காலம் அவங்க வீட்டுக்காரர் போன மீன்பிடிக் கப்பல் திரும்பவே இல்லையாம். ரொதியோன் அப்போ நாலு மாசக் குழந்தை. பூவால ஒண்ணும் ஆகலைன்னு அவங்களுக்கும் தெரியுமாம், ஆனா மகன் கல்யாணத்துல ஆறு பூவைக் கையில எடுக்க விரல் மடங்கலையாம். உங்க மனைவிகிட்ட நீங்கதான் பதமாச் சொல்லணும்னு கேட்டுக்கிட்டாங்களாம். இந்த மனுஷன் மூணு மாசமா சொல்லல! ஏன்னு கேட்டா நீ கேக்கலியேங்கிறார். இவரோட முப்பத்தாறு வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன்னு எனக்கே தெரியல. மாப்பிள்ளையோட அப்பா கடலோட போயிட்டார்னு நீ சொல்லியிருக்கே, ஆனா இந்தப் பூ விஷயம் எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா அந்த மொட்டைப் போட்டிருப்பேனா?

சரி, அந்த வலி புரிஞ்சது. ஆனா தட்டு ஏன் திரும்பி வந்தது, அது மட்டும் புரியவே இல்ல. ஏழாவது பூ போட்டுச் சரி பண்ணிட்டாங்கன்னா அங்கேயே வெச்சுக்க வேண்டியதுதானே? ஒரு எழுத்துகூட எழுதாம அனுப்பினா நான் என்னன்னு எடுத்துக்கிறது? சமாதானமா, உன் சங்காத்தமே வேண்டாம்ங்கிறதா? மூணு நாள் அந்த முட்டைக்கோஸையும் என்னையும் மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஞாயித்துக்கிழமை அப்பா ஏரியில மீன் பிடிக்கப் போய் பூட்ஸை நனைச்சுக்கிட்டு வந்தார். பார்சல்ல தட்டைச் சுத்தி அடைச்சிருந்த பழைய பேப்பரை எடுத்துக் கசக்கி பூட்ஸுக்குள்ள திணிச்சு அடுப்பு ஓரத்துல வெச்சிருக்கார். நான் தரை துடைக்கப் போனா பூட்ஸ் வாயில ஏதோ சிவப்பாத் தெரியுது. ரத்தமோன்னு பயந்து இழுத்தேன். பேப்பர் முழுக்க ரோஜாடி. செய்தி மேல, வானிலை மேல, விளம்பரத்து மேல, ஓரத்துல எல்லாம் ரோஜா. ரெண்டு பூட்ஸையும் காலி பண்ணி, பெட்டியில கிடந்த மிச்சத்தையும் எடுத்து மேசையில விரிச்சு உள்ளங்கையால நீவினேன். முதல்ல போட்டதெல்லாம் வெறும் சிவப்புக் கறை. அப்புறம் ரெண்டு சாயம் எடுக்கப் பழகியிருக்காங்க, அப்புறம் சுழிக்கப் பழகியிருக்காங்க. ஒரு மூலையில ஒரே இதழைப் பதினஞ்சு தரம் போட்டிருக்காங்க. என் தட்டைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டிருக்காங்க, என் கை வளைவு எனக்குத் தெரியாதா? முழுப் பூவை மட்டும் எண்ணினேன், நாற்பத்தொண்ணு. அதையும் பார்த்து ஒத்தைப்படையில நிறுத்தியிருக்காங்க. கடைசிப் பேப்பர் ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்தது, பாதி நனைஞ்சு போய்: "ரிம்மா, பூ ஒருவழியா வந்துடுச்சு. அந்தப் புல்லு மட்டும் எனக்கு எப்படியும் வரல. நீங்க போட்டுக் குடுங்க. பேறுகாலத்துக்கு வரும்போது கையோட கொண்டு வாங்க."

அந்தப் புல்லுன்னா உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில என் மேசைக்கு அடியில உட்கார்ந்து பார்த்தவதானே. பூ, இலை எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா மெல்லிசாப் புல்லு புல்லா இழுத்து எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கட்டுற வேலை. அது இல்லைன்னா எத்தனை அழகான பூவும் தட்டுல தனித்தனியா அந்நியமா நிக்கும். அவங்க பூ அப்படித்தான் நின்னுக்கிட்டு இருந்தது. அது ஏன் அப்படி ஒட்டாம இருக்குன்னு அவங்களாவே கண்டுபிடிச்சிருக்காங்க பாரு. எங்க ஃபாக்டரியில பாதிப் பேருக்கு அது புரிய ஒரு வருஷம் ஆகும்.

நேத்து மத்தியானம் வெளிச்சம் நல்லா இருந்தப்போ உட்கார்ந்தேன். அந்த அகல இதழைச் சரி பண்ணிடலாமான்னு கை துடிச்சது, உண்மையைச் சொல்றேன். தூரிகையை எடுத்துட்டேன்கூட. அப்புறம் வேண்டாம்னு வெச்சுட்டேன், அவங்க பூ அவங்க பூவாவே இருக்கட்டும். இருக்கிறதுலயே மெல்லிசான தூரிகையை எடுத்து அவங்க ரோஜாவுல இருந்து என் பெரிய ரோஜாவுக்கு மூணு புல்லு, மொட்டுப் பக்கம் நீளமா ஒண்ணு, இந்தப் பக்கம் ரெண்டுன்னு இழுத்துக் கட்டினேன். பாழாப்போன அக்ரிலிக் இந்த ஒரு வேலைக்கு நல்லா வந்தது. புது வார்னிஷ் இன்னும் காயணும்.

முடிச்சுட்டு எட்ட நின்னு எண்ணினேன். அங்கேதான் மறுபடியும் மாட்டிக்கிட்டேன். மொட்டு பூ இல்லைன்னுதானே மூணு மாசமா ஊர் பூரா சண்டை போட்டேன்? அப்படின்னா என்னோடது அஞ்சு, அவங்களோடது ஒண்ணு, ஆறு! நான் சொன்னதுதான் சரின்னா அவங்க நாற்பத்தொரு தரம் பழகிப் போட்ட பூவாலதான் தட்டு இடுகாட்டுத் தட்டு ஆகுது. தமாராவுக்குப் போன் பண்ணினேன், அவ யோசிச்சு யோசிச்சு, எதுக்கும் நீ இன்னொண்ணு போட்டுடேன்ங்கிறா. அதுக்கப்புறம் அங்கே உன் மாமியார் எண்ணுவாங்க, எட்டு வரும், அவங்க ஒண்ணு போடுவாங்க, இதுக்கு முடிவே இல்ல. மேசையில தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு, அதோட அழுகையும் வந்துடுச்சு. அப்பா பயந்து போய்த் தண்ணி கொண்டு வந்தார்.

பார்சல்ல அனுப்பல, அவங்க எழுதினபடி மே மாசம் நானே கையில கொண்டு வரேன். நானும் சம்பந்தியும் பேசித் தீர்த்துக்கிட்டாத்தான் நான் வரலாம்னு நீ சொன்னியாம், அப்பா சொன்னார். நாங்க பேசியாச்சு, எங்க பாஷையில. ஆஸ்பத்திரியில இருந்து குழந்தையைக் கொண்டு வரும்போது வாசல்ல ரொட்டியும் உப்பும் வைக்கிற வழக்கம் இல்லைதான், வெச்சா யார் வேண்டாம்னு சொல்லப் போறாங்க? சம்பந்தி அந்தத் தட்டைப் பிடிக்கட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன். ஆனா அவங்ககிட்ட என்ன பேசுறது, முதல் வார்த்தையா என்ன சொல்றதுன்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

கனமா எதையும் தூக்காதே, வழுக்குற செருப்பைத் தூக்கிப் போடு, அப்பாவுக்கு அனுப்புற செய்தியை எனக்கும் அனுப்பு, அவர் எதையும் சொல்றதில்லைன்னு இப்போ தெரிஞ்சுதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நீண்ட ஆயுசோட நிறைஞ்சு இருக்கணும், கடலுக்குப் போறவங்க எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. இந்தக் கடிதம் கிடைச்ச உடனே உன் மாமியார்கிட்ட போய்ச் சொல்லு: அம்மா எண்ணிப் பார்த்துட்டாங்க, ஏழு இருக்கு, மொட்டும் பூதான்னு ஒத்துக்கிட்டாங்கன்னு.

உன் அம்மா,
ரிம்மா