தார்ப்பாய் வேண்டாமென்று முதலில் சொன்னவள்

நவம்பர் 2, ஞாயிறு

அப்பா இந்த வருஷம் ஏசிக்குத் தார்ப்பாய் கட்டப் போவதில்லை. தம்பி கர்ட் வேண்டாமென்று சொல்லிவிட்டானாம்.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு என்றால் அப்பா வீட்டில் தார்ப்பாய் நாள். கொல்லைச் சுவரை ஒட்டி நிற்கும் ஏசிப் பெட்டியைப் பழைய தானிய லாரித் தார்ப்பாயால் தலை முதல் கால் வரை சுற்றி, கொக்கிக் கயிறு போட்டு, மேலே செங்கல் வைக்க வேண்டும். அம்மா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அப்பாவுக்கு முதுகு வளையாமல் போனபின் அவர் ஜன்னலுக்கு உள்ளே நின்று கத்துவார், நான் வெளியே நின்று கட்டுவேன். ஆறு வருஷமாக ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: இப்படி மூச்சு முட்டக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், எலி கூடு கட்டும். மழையிலும் பனியிலும் நிற்பதற்காகவே செய்த பெட்டி அது. கூரை ஓரத்திலிருந்து விழும் பனிக்கட்டிக்குத் தலையில் ஒரு பலகை போதும். போன வசந்தத்தில் எலி கடித்த வயரைக் கையில் எடுத்தே காட்டினேன். "அது எலியோட தப்பு, தார்ப்பாயோட தப்பில்ல" என்றார்.

இன்று மதியம் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்கிறேன், கர்ட்டின் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அப்பா, ஏசியை மூடாதீங்க. காத்து போகணும். மூடினா துருப்பிடிக்கும், எலி வரும்."

"அப்படியாடா? சரி, மூடல."

அவ்வளவுதான். காப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதையேதானேப்பா நான் ஆறு வருஷமா சொல்றேன்?"

"நீ சொன்னே. அவன் அரிசோனால இருக்கான். அங்க வருஷம் பூரா ஏசி ஓடுது. அவனுக்குத் தெரியாதா?"

"அவன் ஊர்ல குளிர்காலமே இல்லையேப்பா!"

"அதான் ஏசியைப் பத்தி அவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கான்."

தார்ப்பாயை மடித்து கராஜில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தேன். நடுவில் ஒரு வேலிதான். அந்தத் தூரத்துக்குள் அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயசு எனக்கு.

நவம்பர் 3

கர்ட்டுக்கு அதைச் சொன்னதே நான்தான். செப்டம்பரில், அப்பாவின் பிடிவாதத்தைப் பற்றிப் போனில் புலம்பியபோது. பலகையையும் சேர்த்தே சொன்னேன். நேற்று அவன் பலகையை மறந்துவிட்டான், பாதியைத்தான் அப்பாவிடம் சொன்னான்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மீதிப் பாதியை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? நான் சொன்னா கேக்கவா போறார்?

நவம்பர் 7, வெள்ளி

சர்ச்சில் மீன் விருந்து. அப்பா மூன்று மேசையில் கதையைச் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் அவரோடு கவுண்டி நிர்வாகத்துக்கு ரோட்டுப் பனியைத் தள்ளி உப்பு போடும் வண்டி ஓட்டிய ஹார்லன் உருகிய வெண்ணெயை மீன்மேல் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "என்ன ஆர்வில், ஏசியை அம்மணமா நிக்க விட்டுட்டியாமே?"

"என் பையன் சொன்னான்யா. அதுக்குக் காத்து வேணுமாம்."

ஹார்லன் என் பக்கம் திரும்பினார். "அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டும் உன் தம்பி இந்த வீட்டை எப்படிக் கவனிக்கிறான் பாரும்மா."

அந்த நேரத்தில் என் கையில் இருந்தது அப்பாவின் மாத்திரை டப்பா. அதற்கு முன் அவருடைய கோட்டு. அதற்கு முன் அவரே.

வரும் வழியில் காரில் சொன்னேன்: "அப்பா, இந்த வருஷம் பனி ஜாஸ்தியாம். எதுக்கும் தார்ப்பாயைக் கட்டிடலாமே."

பின் சீட்டிலிருந்த லோவெல் சிரித்தே விட்டார். என் கணவர் சாதாரணமாகச் சத்தம் போட்டுச் சிரிக்கிறவர் அல்ல.

நவம்பர் 27

நன்றித் திருநாள். கர்ட் வரவில்லை, தபாலில் ஒரு பெட்டி ஆரஞ்சு வந்தது. அப்பா அதை மேசை நடுவில் வைத்தார். வான்கோழியை ஓரத்துக்குத் தள்ளினார். காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பில் வைத்த வான்கோழி. "இந்த வாசனையைப் பாரு, வாசனையைப் பாரு" என்றார். ஆரஞ்சு வாசனையைத்தான்.

டிசம்பர் 14

முழங்கால் உயரம் பனி. அப்பா வீட்டு நடைபாதைப் பனியைத் தள்ளிவிட்டு ஏசியைப் போய்ப் பார்த்தேன். மேல் கம்பி வழியாகப் பனி உள்ளே இறங்கியிருந்தது. எனக்கு ஒரு சந்தோஷம். இது என்ன சந்தோஷம்?

பனியால் அதற்கு ஒன்றும் ஆகாது. அது எனக்கே தெரியும். நான் சொன்னதுதானே.

ஜனவரி 18, ஞாயிறு

நாலு நாள் வெயில், பிறகு மறுபடி உறைபனி. அப்பா வீட்டுக் கூரை ஓரத்தில் பனிக்கட்டி ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. ஏசிக்கு நேர் மேலே இருப்பது என் தொடையளவு தடிமன். விழுந்தால் மேல் கம்பியை நசுக்கி விசிறியை உடைக்கும். ஜூலைப் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் அப்பாவுக்கு மூச்சு விட முடியாது. போன வருஷம் கரண்ட் போன ஒரு மதியத்துக்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

துடைப்பக் கட்டையால் தட்டினால் தீர்ந்தது. எங்கள் சமையலறை ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் பிடித்துவிட்டு வந்த லோவெல் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "நான் போய்த் தட்டிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

"விழுந்தா ஏசி போயிடும்."

"போகட்டும். மூட வேண்டாம்னு சொன்னவன் வந்து வாங்கித் தரட்டும்."

"நீயும் அதைத்தானே சொன்னே?"

"நான் சொன்னப்போ அது என் பேச்சு. இப்ப அது அவன் பேச்சு."

 லோவெல் வாளியிலிருந்த மீன்களை எடுத்துச் சுத்தம் செய்யப் போய்விட்டார். நான் திரையை இழுத்து விட்டேன்.

ஜனவரி 21, புதன்

அப்பா விழுந்துவிட்டார்.

நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்குப் பதினோரு மணிக்கு லோவெல் போன் செய்தார். கொல்லையில், ஏசிக்குப் பக்கத்தில், துடைப்பத்தோடு. வலது மணிக்கட்டு முறிவு, இரண்டு விலா எலும்பில் விரிசல். எவ்வளவு நேரம் பனியில் கிடந்தார் என்று அப்பாவுக்கே தெரியவில்லை. தலைக்கு ஒரு கை நீளம் தள்ளித்தான் அந்த ஈட்டி விழுந்து சிதறியிருந்தது. ஒரு கை.

ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "எதுக்குப்பா போனீங்க? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "பெட்டி உடைஞ்சா நீ அவனைத்தானே குத்தம் சொல்லுவே."

 நர்ஸ் அவருடைய ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் கொடுத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் மறைச்சதா நினைச்சுட்டிருந்தேன்.

ஜனவரி 24, சனி

கர்ட் வந்துவிட்டான். மெல்லிய கோட்டு, தொப்பி இல்லை, பாலைவனத்து நிறம். அவன் வரும் சேதி கேட்டதிலிருந்து அப்பா இடது கையால் தலை சீவிக்கொண்டார், நல்ல சட்டை கேட்டார். மூன்று நாளாக நான் ஊட்டிய சூப்பைத் தள்ளிவிட்டவர், அவன் கொண்டுவந்த டோனட்டை முழுசாகச் சாப்பிட்டார். நர்ஸ் வேறு, "பையன் வந்ததும் முகத்துல என்ன தெளிவு பாருங்க!" என்றாள்.

பார்த்தேன்.

அவர்கள் என்னதான் பேசுகிறார்கள் என்று கதவருகே நின்று கேட்டேன். பிளேன் எப்படி, வெயில் எப்படி, கார் எவ்வளவு ஓடுது. அப்பா எல்லாவற்றுக்கும் "நல்லது, நல்லது" என்றார். அந்த மரியாதையில் ஒரு துளிகூட எனக்கு வந்ததில்லை.

ஜனவரி 26

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவர் தூங்கியதும் அவருடைய சமையலறையில் நானும் கர்ட்டும். அடுப்பில் உருளைக்கிழங்கும் கறியும் வெந்துகொண்டிருந்தன. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அந்தப் பனிக்கட்டியை நான் ஞாயிற்றுக்கிழமையே பாத்தேன்டா. தட்டல."

"வேலையா இருந்திருப்பே."

"இல்ல. அது விழணும்னு நெனச்சேன். உன் பேச்சைக் கேட்டதால கெட்டுதுன்னு ஆகணும்னு. நீ சொன்னது நான் உனக்குச் சொன்னது, கர்ட். அதுலயும் பாதி. பலகையை விட்டுட்டே."

அவன் ஜன்னல் வழியாக ஏசியைப் பார்த்தான். "பலகைன்னு சொன்னியா? ஞாபகமே இல்லக்கா." பிறகு, "என்னவோ அவர்கிட்ட பேச ஒரு விஷயம் கிடைச்சுதேன்னு சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் போனைக் கையில வச்சுக்கிட்டு என்ன பேசறதுன்னு யோசிக்கிறேன், தெரியுமா?"

"உனக்கென்னடா. நீ எது சொன்னாலும் தலையாட்டறார்."

"அதான். தலையாட்டறார். எனக்கு வேலை போச்சுன்னு சொன்னப்போகூட, 'சரிடா, பாத்துக்கோ, இந்தா அக்காகிட்ட பேசு'ன்னு போனை உன்கிட்ட குடுத்துட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசறார். உன்கிட்ட ஒரு செங்கல்லை எங்க வைக்கிறதுன்னு ஒரு மணி நேரம் கத்துவார். நான் போன்ல கேட்டுட்டே இருப்பேன்." கரண்டியைக் கையில் சுழற்றினான். "எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

சாப்பிட்டோம். உப்பு குறைவு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஜனவரி 28

கர்ட் கிளம்பிவிட்டான். போகுமுன் லோவெல் அறுத்துக் கொடுத்த பலகையை நானும் அவனும் ஏசியின் தலையில் வைத்துக் கட்டினோம். பக்கங்கள் திறந்தே இருக்கின்றன.

அப்பா ஜன்னலை இடது கையால் தட்டினார். "கோணலா இருக்கு! ரோண்டா! உன் பக்கம் கோணல்!"

இரண்டு பேரும்தான் பிடித்திருந்தோம், திட்டு எனக்கு மட்டும். கர்ட் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்துக்கொண்டேன். ஜெயித்த முகத்தை யாரிடம் காட்டுவது?

மார்ச் 16

கர்ட் கிளினிக்குக்கே போன் செய்தான். "அக்கா, நான் எதைச் சொன்னா அப்பாவுக்குக் கோபம் வரும்?"

"என்னடா கேள்வி இது?"

"சும்மா சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

தெரியும். நன்றாகவே தெரியும். இருபது விஷயம் தெரியும், ஒவ்வொன்றும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருவர் சீட்டு எழுத நிற்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அங்கே ஒருவரும் நிற்கவில்லை.

மார்ச் 22

ஆறு நாள் கழித்துச் சொன்னேன். "ரோட்டுல பனிக்கு உப்பு போடறது வீண் செலவு, மணல் போதும்னு சொல்லு" என்றேன். முப்பது வருஷம் உப்பு வண்டி ஓட்டியவரிடம் சொல்ல அதைவிட மோசமான பேச்சு இல்லை. என்னிடம் இருந்ததிலேயே நல்லது அது. கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நான்காவது வாரமாகச் சண்டை. இன்று அப்பா நின்றுகொண்டே போன் பேசினார். கட்டு அவிழ்த்த கையை ஆட்டிக்கொண்டு. "மணலா? மணலா? டேய், கண்ணாடியா உறைஞ்ச ஒரு மேட்டுல ஒரு ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திக் காட்டுடா நீ! பாலைவனத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு மணலைப் பத்திச் சொல்றான்!" அந்தப் பக்கம் கர்ட்டும் விடவில்லை. அவன் குரல் பதினைந்து வயசில் இருந்த மாதிரி உடைந்து உடைந்து வந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது — முதல் பத்து நிமிஷம்.

போனை வைத்ததும் அப்பா கன்னம் சிவக்க உட்கார்ந்தார். "முட்டாப்பய. முழு முட்டாப்பய. அடுத்த ஞாயிறு வரட்டும்." ஹார்லனைக் கூப்பிட்டு எந்த வருஷம் எவ்வளவு உப்பு போட்டோம் என்று கேட்க வேண்டுமாம்.

"அப்பா, ஏசி மேல இருக்கற பலகையை இன்னைக்கு எடுத்துடட்டுமா?"

ஏப்ரலில். மே பாதி தாண்டும் முன் தார்ப்பாயைத் தொட்டாலே அந்த வீட்டில் பூகம்பம். நான் காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"உன் இஷ்டம்மா. உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே" என்றார், ஹார்லனின் நம்பரைத் தேடிக்கொண்டே.

வெளியே வந்து கயிற்றை அவிழ்த்தேன். மெதுவாக. பலகையைத் தூக்கி வேலியில் சத்தம் வரச் சாய்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார்.