இரண்டாவது அளவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"அன்னைக்கு ஏம்ப்பா லேட்டு?" என்று கேட்டாய். மூன்று வருடமாக மழுப்பி வந்தேன்.

நோய்த்தொற்றுக் காலத்தில் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தபோது, என் மாணவியின் ஆய்வுச் செடிகளைத் தினமும் அளக்க எனக்கு மட்டுமே அனுமதி. அன்று உன் அம்மாவுக்குக் காய்ச்சல். தயங்கினேன்.

"போய் அளந்துட்டு வாங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று சிரித்தாள்.

எதையும் அரை மணி விட்டு மறுபடி அளப்பது என் வழக்கம். அன்றும் காத்திருந்து அளந்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

திரும்பியபோது அம்மா உயிரோடு இல்லை. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "இப்ப வரைக்கும் உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

நேற்று மாணவிக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. "உங்க அளவுல ஒரு பிழைகூட இல்ல சார்" என்றாள். தலையாட்டினேன்.

உன்னிடம் அப்படித் தலையாட்ட முடியவில்லை.

உன் அப்பா